குதித்தால் சுற்றும் கேமரா

கேம் டெஸ்டிங் என்பது, ஒரே பள்ளத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை விழுந்து எழுந்து, "பள்ளத்தில் கோளாறு" என்று சொன்னால் "உனக்குக் குதிக்கத் தெரியலை" என்று பதில் வாங்குகிற தொழில். கன்ட்ரோலரைச் சுவரில் எறியத் துடித்த கைகளே, இது உங்களுக்காக.

பம்பாய் செம்பூரில் ஒரு சின்ன கம்பெனி. கடைசியாக நான் சோதித்த கேமில் ஓர் அணில், வண்ண வண்ணக் குடைகள்மேல் தாவித் தாவி ஊரைக் கடக்கும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. விளையாடினால்தான் வினை. அணில் குதித்த நொடியில் கேமரா, அதாவது நாம் பார்க்கும் பக்கம், தானாகச் சுற்றிக்கொள்ளும். அடுத்த குடை எங்கே என்று தெரியாமல் அணில் கீழே போகும். டீம் லீட் நிகிலிடம் இந்தியில் சொன்னேன். "பழகினா சரியாயிடும்" என்றார். அங்கே ஆரம்பித்தது சண்டை.

மதினியின் தலைசுற்றல்

பழகாதவர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று காட்டத்தான், வெளியாட்களை அழைக்கும் நாளில் தாராவியிலிருந்து என் மதினியைக் கூட்டிப்போனேன். அண்ணனை மணந்து வந்த நாளிலிருந்து என்னோடு மொபைலில் போட்டி போட்டு விளையாடுகிறவள். படத்தைப் பார்த்ததும் "எம்மா, என்னா கலரு!" என்று வாயைப் பிளந்தாள்.

மூன்றாவது குடையில் முகம் வெளிறியது. ஐந்தாவது குடையில் கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள். "அவங்க சாப்பாடு ஒத்துக்கலை போல" என்றார் நிகில். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த மதினி, அவருக்குப் புரியுமா என்றெல்லாம் பார்க்காமல் தமிழிலேயே சத்தம் போட்டாள்: "ஏட்டி செல்வி, இது வெளையாட்டா ராட்டினமா? அந்தக் கேமராவ ஒரு எடத்துல உக்காரச் சொல்லுட்டி!"

சுவருக்குப் பின்னால் ஓர் ஊர்

குடைகளையும் ஊரையும் வரைந்தவர் மாட்டுங்காக்காரர் ரமணி சார். சண்டைகளில் தலையிடாத மனிதர். "நான் வரையறவன், கேமரா என் டிபார்ட்மென்ட் இல்லை" என்பார். ஒருநாள் வலுக்கட்டாயமாக அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் மாதக்கணக்காக வரைந்த பூச்சந்தைக்குள் அணிலை ஓட்டினேன். சந்து குறுகலானது. கேமரா பின்வாங்க இடமில்லாமல் சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டது. திரை முழுக்கக் காவி நிறச் சுவர். சாமந்தி, ரோஜா, பூக்காரி, ஒன்றும் தெரியவில்லை.

ரமணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதே சுவர். எழுந்து நேராக நிகில் மேஜைக்குப் போனார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்: "செவுத்தைப் பாக்கறதுக்கா நான் ஊரை வரைஞ்சேன்?"

எட்டாத பட்டன்

காதர் பாய் எங்கள் தெருவில் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர். வெட்டும் மெஷினில் வலது கைக் கட்டைவிரலைப் பறிகொடுத்தவர். கேம் என்றால் உயிர். அடுத்த முறை வெளியாட்களை அழைத்தபோது அவரைக் கூட்டிப்போனேன். எங்கள் கேமில் குதிக்கும் பட்டன் வலது பக்கம் மட்டும்தான், மாற்ற வழியில்லை. கன்ட்ரோலரைத் தொடைமேல் வைத்து, ஆள்காட்டி விரலை வளைத்து வளைத்து அமுக்கினார். ஒவ்வொரு முறையும் அணில் தாமதமாகக் குதித்தது.

"இப்படிப்பட்டவங்க எத்தனை பேர் விளையாடப் போறாங்க?" என்று நிகில் என்னிடம் இந்தியில் மெதுவாகக் கேட்டார். பம்பாயில் தொழில் செய்கிறவருக்கு இந்தி புரியாதா? எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பள்ளத்துல விழுந்து தோக்குறேம்மா, சந்தோசம். பட்டன் எட்டாம தோக்க மாட்டேன்."

பாஸ் போட மாட்டேன்

கேமை வெளியிடும் நாள் நெருங்கியது. டெஸ்டர் ஒருத்தர் 'பாஸ்' போட்டால்தான் வெளியே போகும். நிகில் என்னிடம் கேட்டார், மாட்டேன் என்றேன். "வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். "வேலையைத்தானே சார் செய்யறேன்" என்றேன்.

அவர் புதிதாகச் சேர்ந்த இன்னொரு டெஸ்டர் ஸ்நேகாவிடம் போனார். கோவண்டிப் பெண், சத்தமே வராத சுபாவம். தலையாட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, "முதல்ல நீங்க விளையாடுங்க, சார்" என்றாள். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மறுக்க முடியாமல் விளையாடினார். விழுந்தார். மறுபடி விழுந்தார். பூச்சந்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு பட்டனைக் குத்து குத்தென்று குத்தினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெளியீட்டைத் தள்ளிவைத்தார்.

இப்போது குதிக்கும்போது கேமரா அசைவதில்லை. சுவர் வந்தால் சுவரே மங்கி வழிவிடுகிறது. குதிக்கும் பட்டனை எந்தப் பக்கமும் மாற்றிக்கொள்ளலாம். நிகில் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருநாள் என் மேஜைப் பக்கம் நின்று, ஸ்நேகாவையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த கேமுக்கும் நீங்க ரெண்டு பேர்தான். என் தலையெழுத்து!"

ஆக, விளையாடுவதற்காகச் சேர்ந்த இந்த வேலையில் நான் தேர்ந்தது என்னவோ, முடியாது என்பதைத் தமிழிலும் இந்தியிலும் சிரித்த முகத்தோடு சொல்வதில்தான்.