ஃபைலில் வேலை கிடைத்தவள்

என் தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். ஓடுகிற இயந்திரம் எதைப் பார்த்தாலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டு பிரிட்ஜ், மாடித் தண்ணீர் மோட்டார், எதையும் விட்டதில்லை. "டாக்டரம்மா நாடி பாக்குறாங்க, தள்ளி நில்லுங்க" என்று அம்மா கேலி செய்வாள்.

அதனால்தான், அரசாங்கப் பயிற்சி மையத்தில் ஏசி, பிரிட்ஜ் பழுது பார்க்க ஆறு மாதம் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் ஆண்கள் பதினெட்டு பேர், இவள் ஒருத்தி. சோப்பு நுரையைத் தடவி கேஸ் கசிவைக் கண்டுபிடிப்பதில் இவளை மிஞ்ச ஆளில்லை என்று வாத்தியாரே சொன்னார். சான்றிதழ் வந்தது. வேலை வரவில்லை. ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே கேள்வி: "ஏணி ஏறுவியாம்மா?" ஏறுவேன் என்பாள். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். கடைசியில் ஒரு பல்பு கடையில், வாங்க வருகிறவர்களுக்கு பல்பை எரியவிட்டுக் காட்டுகிற வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் மையத்திலிருந்து போன் வந்தது. அவள் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்ததால் நான் எடுத்தேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அதிகாரமான குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"உங்க தங்கச்சி வேலைக்குப் போறாங்களா?"

"ஆமாங்க" என்றேன். என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

இந்த வருஷம் குளிர்பதனக் கிடங்குகளுக்கான மேல்பயிற்சியை அறிவித்தார்கள். முடித்தால் கிடங்கிலேயே வேலை. ஆனால் முதல் பயிற்சி முடித்தும் அந்தத் தொழிலில் வேலை கிடைக்காதவர்களுக்கு மட்டும்தான் இடம். இருவரும் போனோம். மேசையில் இருந்த அதிகாரியம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்குத்தான் வேலை கிடைச்சிடுச்சேம்மா. ஏசி மெக்கானிக்னு இருக்கு."

"அப்படியா மேடம்? எந்தக் கம்பெனின்னு பாத்துச் சொல்லுங்க, நாளைக்கே போய்ச் சேர்ந்துக்கிறேன்" என்றாள் தங்கச்சி.

நான் போனில் சொன்ன அந்த "ஆமாங்க"தான்; படித்த வேலையிலேயே சேர்ந்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மெக்கானிக் வேலையை விட்டுவிட்டதாக முதலாளியிடம் கடிதம் வாங்கி வந்தால் திருத்தலாம் என்றார் அதிகாரியம்மா. பல்பு கடைக்காரரிடம் போனோம். "மெக்கானிக்கா நான் எப்ப வச்சேன்? இல்லாத வேலைய விட்டதா எப்படிம்மா எழுதறது?" என்றார். அதிலும் தப்பில்லை.

மறுநாள் நான் தனியாக மையத்துக்குப் போனேன். போனில் தப்பாகச் சொன்னது நான்தான் என்றேன். ஒரு ஆபீசில் நானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"வாயால சொன்னா எடுத்துக்க முடியாதும்மா" என்றார் அதிகாரியம்மா.

வாயால் சொன்னதைத்தானே எழுதிக்கொண்டீர்கள் என்று கேட்க நினைத்தேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது தங்கச்சி, "உனக்கு வாயே வராது. வந்த அன்னிக்கு எனக்கு வேலையே வாங்கிக் குடுத்துட்டியே, போக்கா" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மேல்பயிற்சி போன மாதம் தொடங்கிவிட்டது. இருபது இடத்தில் ஆறு காலியாகக் கிடக்கிறதாம். கடிதம் கிடைக்கவில்லை. தங்கச்சி தினமும் காலை ஒன்பது மணிக்குப் பல்பு கடைக்குப் போகிறாள்.