யானை பார்க்கப் போன நாள்

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அப்போது நாங்கள் குன்னூரில் இருந்தோம். தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். என் கணவர் கணக்கு எழுதிய ஃபேக்டரி பாதி நாள் ஓடும், பாதி நாள் பூட்டிக் கிடக்கும். சம்பளமும் அப்படித்தான். நான் விடியுமுன் எழுந்து இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

தேயிலை படுத்தாலும் மே மாத சீசன் படுக்காது. மலையில் சொந்தம் இருக்கும்போது யார்தான் லாட்ஜுக்குப் போவார்கள்? திருப்பூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து இறங்கும். வந்த அன்றே முதுமலைக்குப் போகத் திட்டம் போடுவார்கள். யார் ஜன்னலோரம், எந்த வழி, புளிசாதமா தக்காளி சாதமா என்று எல்லாம் என் அடுப்படியிலேயே முடிவாகும். சோறு கட்டிக் கொடுப்பது மட்டும் என் வேலை. வாடகை வேனில் எனக்கு இடம் இருக்காது. "நங்கைக்கு என்னுங்க, இங்கயே இருக்கறவங்க. எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்பாள் நாத்தனார். அண்ணியை அவர்கள் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த 'எப்ப வேணும்னாலும்' வரவே இல்லை. மலையில் குடியிருந்தும் காட்டு யானையை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த வருஷம் திட்டம் போடும்போதே, நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் சீட்டுக் கணக்கை மறுபடி விரல்விட்டு எண்ணினாள். பிறகு நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஆனது.

அன்றைக்கும் மாவு ஆட்டி, சோறு கிளறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். கடைசி சீட். ஊட்டி தாண்டி, கல்லட்டி இறக்கத்தில் வளைவுகள் ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் ஞாபகமில்லை.

கண் விழித்தபோது வேன் முதுமலை தெப்பக்காட்டில் ஒரு மரநிழலில் நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை. என் முகத்தில் வெயில் படாமல் ஜன்னலில் ஒரு துண்டு தொங்கியது. வெளியே டிரைவர் கையில் குச்சியோடு நின்று, சோற்றுத் தூக்குப்போசிக்குக் குறி வைத்த குரங்குகளைச் சத்தமில்லாமல் விரட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் போய்விட்டார்களாம். இனி சாயங்காலம்தான் வண்டி. அதுவரை நாங்கள் இருக்கப் போவதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் எழுப்பவில்லை என்று அந்த மனுஷரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

இரண்டு தடவை கூப்பிட்டும் நான் அசையவில்லையாம். நாத்தனார் உலுக்க வந்தபோது வேண்டாமென்று தடுத்தது அவர்தானாம். எஸ்டேட்டில் ஆள் குறைத்தபோது வேலை போய் வேன் ஓட்ட வந்தவர் அவர். "நம்ம சம்சாரமும் கொழுந்து பறிச்சிட்டு வந்தா இப்படித்தாம்மா சாயும். உங்க மொகத்தைப் பாத்து எழுப்ப மனசு வரல. தப்புன்னா மன்னிச்சுக்கங்க" என்றார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. தூக்குப்போசியைத் திறந்து அவருக்கு முதலில் போட்டேன். பிறகு யாருக்கும் காத்திராமல் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். திரும்பி வந்தவர்கள் குட்டியோடு யானைக் கூட்டத்தையே பார்த்த கதையைச் சொல்லி மாளவில்லை. அடுத்த வருஷம் நங்கை பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் நாத்தனார்.

இன்றுவரை அந்த யானையை நான் பார்க்கவில்லை. ஆனால் வீடு நிறைய ஆள் வந்து, கால் கடுத்து அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது ஜன்னலில் தொங்கிய அந்தத் துண்டுதான். எவ்வளவு களைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாத நாளில், முன்பின் தெரியாத ஒருவருக்கு அது தெரிந்திருந்தது.