ழ வராதவன் எழுதிய டெஸ்ட்

எனக்கு நிதானம் என்பதே கிடையாது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் மேற்குத் தாம்பரத்தில், ஒரு மாடியில் நாலே பேர் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பள்ளியிலிருந்து பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராமை பைத்தானில் எழுதிக்கொண்டிருந்தோம். புரோகிராமில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் துண்டுக்கு மெத்தட் என்று பெயர். சீனியர் விளையாட்டாக மெத்தட்களுக்குத் தமிழில் பெயர் வைப்பார். மழை விடுமுறைச் செய்தி அனுப்பும் மெத்தடுக்கு ‘மழை’ என்று இங்கிலீஷ் எழுத்தில், இசட்-ஹெச் போட்டு வைத்திருந்தார்.

நான் பம்மல்காரன். எங்கள் தெருவில் ழ யாருக்கும் வராது. அந்த மெத்தடைக் கூப்பிடும் இடத்தில் கை தானாக இசட்-ஹெச்சுக்குப் பதில் ஒரு எல் போட்டது. மழை மலையாகிவிட்டது.

டெஸ்ட் ஓட்டினேனே, பிடித்திருக்க வேண்டாமா? சோதனையில் நிஜ எஸ்எம்எஸ் போகக் கூடாதென்று, அந்த மெத்தட்களெல்லாம் இருக்கும் நிஜ புரோகிராம் பகுதிக்கு, கிளாஸ் என்போம், அதற்குப் பதிலாக ஒரு போலியை உட்கார வைப்போம். அது சரியான பூம்பூம் மாடு. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையாட்டும். ‘மலை’ என்றேன், ஆட்டியது, டெஸ்ட் பாஸ். நிஜ கிளாஸில் இல்லாத பெயருக்கு ஆட்டாதே என்று அதைக் கட்டிப்போட ஒரு சின்ன வரி போதும். சீனியர் சொல்லியும் இருந்தார். “அப்புறம் போட்டுக்கலாம் சார்” என்றேன். அவசரக்குடுக்கை.

ஐப்பசியில் ஒரு மதியம் மழை கொட்டியது. பக்கத்து சீட் அக்காவுக்கு, மகளோடு படிக்கும் பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் புரோகிராம் ஓடிய பள்ளியில்தான் அவர் மகள் இரண்டாம் வகுப்பு.

“இன்னாது, ஸ்கூல் வுட்டு ஒரு மணி நேரம் ஆச்சா? எனக்கு மெசேஜே வரலியே.”

வேன் பிள்ளையை அனகாபுத்தூரில் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கும். வீடு பூட்டிக் கிடக்கும். நடந்ததையெல்லாம் புரோகிராம் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று எர்ரர்.

“அக்கா, தப்பு என்னுது. வண்டில ஏறுங்க.”

வழியெல்லாம் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அவர்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். பூட்டிய கதவோடு ஒட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி குழந்தை நின்றிருந்தது. அக்கா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார்.

“அம்மாக்கு மெசேஜ் போயிடுச்சு, வந்துடுவாங்கன்னு மிஸ் சொன்னாங்க. நீ ஏம்மா பாக்கல?”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாக்கல கண்ணு” என்றார். “அம்மா மேலதான் தப்பு.”