தைக்காமல் அனுப்பிய வயிறு

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்குத் துணியையும் ஊசியையும் எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, வெளியே காத்திருக்கும் சொந்தபந்தங்களிடம் அகப்படாமல் தப்பிப்பது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருவனந்தபுரத்தில் இருந்தேன். நாகர்கோவில்காரி என்பதால், தமிழ் நோயாளி வந்தால் என்னைத்தான் கதவுக்கு வெளியே தள்ளுவார்கள். தியேட்டரில் காலம் தள்ளிய சகோதரிகளே, இந்த அவஸ்தை உங்களுக்குத் தெரியாததா!

பிளாஸ்டிக் பை

முத்தையா ஆரியசாலைச் சந்தையில் லாரிச் சுமை இறக்குகிறவர். அரிசி மூட்டைகள் சரிந்து விழுந்து கல்லீரல் கிழிந்துவிட்டது. ரத்தத்தை நிறுத்தத் துணித் திண்டுகளை உள்ளே வைத்து அழுத்தினோம். குடலோ வீங்கிக் கிடந்தது; இழுத்துத் தைத்தால் மூச்சு முட்டும். அதனால் சர்ஜன், கிருமி நீக்கிய யூரின் பை ஒன்றை வெட்டி விரித்து, திறந்த வயிற்றின் மேல் வைத்து ஓரத்தைத் தைத்து ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினார்.

இதையெல்லாம் முத்தையாவின் மனைவி செல்லத்தாயிடம் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"தச்சு மூடத் தெரியாதவிய எதுக்கு சிஸ்டர் வெட்டுனிய?"

உள்ளே மூன்று

அந்தத் திண்டுகளை இரண்டு நாளில் எடுக்க வேண்டும். யாரும் மறக்கக் கூடாதென்று கட்டின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, 'உள்ளே துணி 3' என்று எழுதுவது எங்கள் வழக்கம். நான் மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதித் தொலைத்தேன். ஐ.சி.யூ.வில் முத்தையாவைப் பார்க்க வந்த சுமைத் தொழிலாளர் யூனியன்காரர் அதை வாசித்துவிட்டார். அரை மணி நேரத்தில் வாசலில் எட்டுப் பேர்; முன்னால் நின்று கத்தியவர் அவரேதான்.

"துணிய மறந்து உள்ள வச்சதும் இல்லாம, அத எழுதி வேற ஒட்டியிருக்கியளே!"

கண்ணாடி மாதிரி

மூன்றாம் நாள் திண்டுகளை எடுத்தோம். ரத்தம் நின்றிருந்தது, வீக்கம் குறையவில்லை. மறுபடி பைதான். கட்டு மாற்றும்போது செல்லத்தாய் உள்ளே வந்துவிட்டாள். பை வழியே குடல் மெல்ல நெளிவது தெரிந்தது. மயங்கி விழுவாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவே இல்லை.

"நான் ஆக்கிப் போட்டதெல்லாம் இது வழியாத்தான் போச்சுதா, சிஸ்டர்?"

மூடிய பிறகு

ஒன்பதாம் நாளும் தசையின் இரு ஓரங்களும் சேரவில்லை. சர்ஜன் இழுக்க இழுக்க, மயக்க டாக்டர் மூச்சு மிஷினைப் பார்த்துக்கொண்டு "மதி, மதி" என்று, போதும் போதுமெனத் தடுத்தார். கடைசியில் தோலை மட்டும் சேர்த்துத் தைத்தோம். தசை பிளந்தபடிதான் இருந்தது. ஒரு வருஷம் கழித்துச் செயற்கை வலை வைத்துச் சரிசெய்து பார்க்கலாம்.

முத்தையா எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகு சர்ஜனே வந்து சொன்னார்: "உயிரு கிடைச்சு. பக்ஷே, இனி சுமடு எடுக்கான் பாடில்ல." உயிர் பிழைத்தாயிற்று, ஆனால் இனி சுமை தூக்கக் கூடாது என்றதும், இருபது வருஷம் மூட்டை சுமந்த மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். செல்லத்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"மூட்டைய நான் செமந்துக்கிடுதேன் சாரே. இந்த மனுசன் சிரிச்சா தையல் பிரிஞ்சிராதுல்லா, அத மட்டும் சொல்லுங்க."

திறந்த வயிறுகளோடு மாரடித்த சகோதரிகளே, இப்படி ஒருத்தி கேட்டால் என்ன சொல்வதென்று, நமக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் சொல்லித்தரவில்லை.