எங்கள் பெயரோடு வந்த கப்பல்காரர்

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நான் யாரென்று தெரிந்துவிடும். இலங்கையில் அந்தப் பெயரோடு மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். அக்கா கலியாணம் கட்டிப் புருஷனுடைய பெயருக்குப் போய்விட்டாள். நான் கட்டவில்லை. அது என் விருப்பம். அதற்குப் பின்னால் அழுகைக் கதை ஒன்றும் கிடையாது. கனடாவில் இருக்கும் அக்காவின் மகள் ஒருநாள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, இங்கிலாந்திலையும் இந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லைப் போலை கிடக்கு" என்றாள். பெரிய செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அது இருபது வயதிலேயே தெரியும். சொன்ன ஆள் எங்கள் வீட்டு ஹோலில் இருந்து தேத்தண்ணீர் குடித்தவர்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்களைப் போன்ற கத்தோலிக்கத் தமிழர் பலருக்குப் போர்த்துக்கீசப் பெயர்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஒரே பெயரில் பல வீடுகள் இருந்ததால் தபால்காரன் மாற்றி மாற்றிக் கடிதம் போடுவான். அவர்களிடம் யாரும் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. ஞானஸ்நானத்தோடு வந்தது, அவ்வளவுதான். பழசாகிவிட்டால் எதற்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எங்களுடையது ஆங்கிலப் பெயர். அதுவும் வெள்ளைக்காரர்களே இரண்டாம் தரம் கேட்டு எழுதிக்கொள்கிற அபூர்வமான பெயர். ஆங்கிலேயர் பிந்தி வந்தவர்கள். அவர்கள் பெயர் ஒரு தமிழ் வீட்டுக்குள் கோயில் வழியாக வந்ததா, குசினி வழியாக வந்ததா என்று கேட்கச் சனத்துக்கு வாய் துடிக்கும்.

அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. அவருடைய அப்பப்பாவின் தாய், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் வீட்டில் சமைத்தவள். பிள்ளை பிறந்தபோது துரையே ஞானத்தகப்பனாக நின்று தன் பெயரைக் கொடுத்தார். இந்தக் கதையை அப்பா எப்போதும் ஒரே வேகத்தில், ஒரே சொற்களில் சொல்வார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமைக் கிளாக் அவர். ஒரு பெட்டி குறைந்தால் மூன்று களஞ்சியம் ஏறி இறங்கிப் பார்க்கிற மனிதர். ஆனால் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த கோயிலில் போய்ப் பழைய ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க ஒருநாளும் அவர் நினைக்கவில்லை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார். நாங்கள் நதியுமில்லை, ரிஷியுமில்லை என்று நான் சொன்னால் கோபம் வந்துவிடும்.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து ஒன்றே ஒன்று. வலது கைச் சுண்டுவிரல், நுனியில் உள்பக்கமாக வளைந்திருக்கும். அக்காவுக்கு அது வரவில்லை. அவளுடைய விரல்கள் மெழுகுதிரி மாதிரி நேரானவை. நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். சுண்டுவிரலால் அடிக்க வேண்டிய எழுத்துக்கு அந்த விரல் எட்டாது. தட்டெழுத்துப் பழக்கிய மிஸ் அதற்காக என்னிடம் எரிந்து விழுந்திருக்கிறாள். அதனால் மற்றவர்களுடைய சுண்டுவிரலைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரைவிட்டு ஓடின சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம்; மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். அக்காவுக்கு இருபத்தேழு வயது. அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் பெயரைக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டன. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மாப்பிள்ளையை ஒருதரம் கோயில் திருநாளில் தூரத்தில் கண்டிருந்தாள். இரவில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அந்த ஆளுக்குச் சிரிக்கத் தெரியும் என்ன?" என்று கேட்டாள். அவள் அப்படி ஒன்றைக் கேட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த வாரம்தான் அப்பாவின் கந்தோருக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பழுது பார்ப்பதற்காகத் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த ஒரு சரக்குக் கப்பலின் இஞ்சினியர். ஏதோ ஒரு பத்திரத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்தைக் கண்டு, தன்னுடைய பெயர்க்காரர் ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளைக்காரரைத் தேடி வந்தவருக்கு அப்பா கிடைத்தார். ஆனாலும் மனிதர் முகம் சுளிக்கவில்லையாம். போகிற துறைமுகங்களில் எல்லாம் டெலிபோன் புத்தகத்தை எடுத்து அந்தப் பெயரைத் தேடுவது தன் வழக்கம் என்று சொன்னார். அண்ணன் தம்பி போன யுத்தத்தில் செத்துப்போனார்கள், தனக்குப் பிள்ளைகள் இல்லை, ஊரில் இனி யாரும் இல்லை என்றும் சொன்னார். தன் பாட்டனின் தம்பி ஒருவர் கோப்பி வியாபாரம் செய்ய இலங்கைக்கு வந்தவர் என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

அப்பா இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "அப்ப சொந்தமோ?" என்று கேட்டாள். "விசர்க் கதை கதையாதை" என்று அப்பா விழுந்தார். பிறகு, "போகேக்கை ஒரு மரியாதைக்கு, எந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டை வரலாம் எண்டு சொன்னனான்" என்றார். நாங்கள் யாருக்கும் அப்படித்தான் சொல்வோம். பஸ்ஸில் கண்டவருக்குக்கூடச் சொல்வோம். கேட்டவர் "ஓம் ஓம், கட்டாயம்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார். அதுதான் முறை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளவத்தைக்காரர் பொம்பிளை பார்க்க வந்தார்கள். தாய், தகப்பன், தாய்மாமன் மூன்று பேர். கதைத்தது முழுக்கத் தாய்மாமன்தான். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் எடுத்த பிறகும் விசாரணை நடத்துகிற பழக்கம் போகவில்லை. அக்கா சேலை உடுத்தித் தலைகுனிந்து கதிரை ஓரத்தில் இருந்தாள். பெயர்க் கதை வந்தது. அப்பா வழக்கமான வேகத்தில், வழக்கமான சொற்களில் சொல்லி முடித்தார்.

தாய்மாமன் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ" என்றார். "வெள்ளைக்காரர் புரட்டஸ்தாந்துக்காரர். புரட்டஸ்தாந்துக்காரன் எங்கடை கோயிலிலை எப்பிடி ஞானத்தகப்பனாய் நிண்டவன்? பங்குச் சுவாமி விட்டிருப்பாரோ?"

எங்கள் பரம்பரையே அந்த ஓட்டையைக் கண்டதில்லை. அல்லது கண்டு, மேலே பாய் விரித்து மூடி வைத்திருக்க வேண்டும். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. பின்னால் பிள்ளைப் பட்டாளம். நான்தான் படலையைத் திறந்தேன். நரைத்த, கட்டையான மனிதர். தோய்த்து மடித்த வெள்ளை உடுப்பு. யுத்த காலத்தில் நாங்கள் கண்ணால் காணாத பீச் பழ டின் ஒன்றை வலது கையால் என்னிடம் நீட்டினார். அவருடைய சுண்டுவிரல் நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது. நானும் வலது கையால்தான் வாங்கினேன். அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகும் அதிகம் கண்டதில்லை. எனக்கோ பயம்தான் வந்தது.

ஹோலில் எல்லோரும் எழும்பினார்கள். பெயர் சொல்லி அறிமுகம் நடந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் தாய்மாமனின் கண்ணில் வெளிச்சம் வந்தது. சாட்சி தானாக நடந்து வந்தால் விடுவாரா? வெள்ளைக்காரர் கதிரையில் இருந்ததும், தாய்மாமன் கந்தோர்க் கடிதம் மாதிரியான ஆங்கிலத்தில் கேட்டார்: "ஐயா, இந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் இரத்த உறவு ஏதும் உண்டா? எங்கள் பையனைக் கொடுப்பதற்கு முன் அதை அறிந்துகொள்வது எங்கள் கடமை. ஐரோப்பியக் கலப்பு இருந்தால் எங்கள் பகுதியில் ஏற்கமாட்டார்கள்."

நாட்டையே ஆண்டுகொண்டிருந்த இரத்தம் வெள்ளவத்தைக்குப் போதவில்லை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன்.

வெள்ளைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவையும், அவள் விரலில் சுற்றி இறுக்கியிருந்த சேலைத் தலைப்பையும் பார்த்தார். அவருடைய வலது கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போனது.

"எங்கள் பெயர் ஒரு ஊரின் பெயர்" என்று தொடங்கினார். கடற்கரையில் இருந்த சின்ன ஊராம். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து, வயல்களையும் வீடுகளையும் கடைசியில் கோயிலையும் எடுத்துக்கொண்டது. சனம் கிளம்பியது. போன இடத்தில் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலே அவர்களுக்குப் பெயராக நின்றுவிட்டது. கிளம்பியவர்கள் கொஞ்சப் பேர், அதனால் பெயரும் கொஞ்சம். இப்போது தான் ஒருவர்தான் என்றார். இதுவரை சொன்னது அத்தனையும் உண்மை என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

பிறகு, கடிதம் வாசிக்கிறவரைப் போல நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஊர்க்காரர் பழைய கத்தோலிக்கர். அரசன் மதம் மாறியபோதும் அவர்கள் மாறவில்லை. இங்கே வந்த என் பாட்டனின் தம்பியும் கத்தோலிக்கர்தான். சமையல்காரியின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றதை எங்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு அந்த உறவு மட்டும்தான். இரத்த உறவு இல்லை."

தாய்மாமன் கதிரையில் சாய்ந்தார். ஓட்டை அடைபட்டுவிட்டது. மாப்பிள்ளையின் தாய் முதல் தடவையாக அக்காவைப் பார்த்துச் சிரித்து, "இஞ்சாலை வந்து என்ரை பக்கத்திலை இரும் பிள்ளை" என்றாள். அம்மா கேக்கும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். தாய்மாமன் பக்திமான், சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் சிலுவை போட்டோம். வெள்ளைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, பிந்தி, இடது கையால் நெஞ்சுப் பக்கம் ஏதோ செய்தார். எந்தத் தோளில் தொடங்குவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கையில் காயமோ என்று தாய்மாமன் விசாரித்தார். ஆமாம், இஞ்சின் அறையில் நசுங்கிவிட்டது என்றார் அவர். கடைசிவரை இடது கையால்தான் தேத்தண்ணீர் குடித்தார்.

குசினிக்குள் அம்மா என் காதில், "கத்தோலிக்கன் எண்டவர், சிலுவை போடத் தெரியேல்லையே" என்றாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு முழுவதையும் ஒரு அந்நிய மனிதர் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். அக்காவுக்காக என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

வெள்ளவத்தைக்காரர் நாள் குறிக்கச் சம்மதித்து எழும்பிப் போனார்கள். அதன் பிறகு அப்பா வெள்ளைக்காரரோடு படலைவரை போனார். நான் பூட்டுவதற்காகப் பின்னால் போனேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்களுக்கு ஆண் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"இல்லை. இரண்டு பெண்கள்தான்" என்றார் அப்பா.

அவர் தலையை ஆட்டினார். பிறகு வலது கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். அப்பா அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, விரல்களைப் பார்த்தபடி நின்றார். கந்தோரில் முதல்முதலாகக் கை கொடுத்த அன்றே அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ரிக்‌ஷாவில் ஏறப் போனவரிடம், "எந்த ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வரலாம்" என்றார்.

கப்பல் பிறகும் கனநாள் துறைமுகத்தில் கிடந்தது. அதன் பத்திரங்கள் அப்பாவின் மேசைக்கே வந்தன. ஆனால் வெள்ளைக்காரர் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அப்பா கோட்டைக் கழற்றமாட்டார். ஒழுங்கையில் ரிக்‌ஷா மணி கேட்டால் எழும்புவார். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அம்மா சொன்னாள். வெள்ளவத்தைக்காரர் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று அப்பா போகவில்லை. அம்மா பீச் டின்னை அவர் வரும்போது வெட்டலாம் என்று அலுமாரியில் வைத்திருந்தாள்.

அக்காவின் கலியாணம் நடந்த மாதமே கப்பல் போய்விட்டது. அடுத்த ஞாயிறு அம்மா டின்னை வெட்டிப் பழத்தைக் கோப்பைகளில் போட்டாள். அப்பா தொடவில்லை. கோட்டோடு இருந்தபடியே படலையைப் பார்த்துக்கொண்டு, "இந்த முறை நான் மனதாரத்தான் வரச் சொன்னனான்" என்றார்.