கண்ணீர் அஞ்சலியில் என் முகம்

எது நிறைவான வாழ்க்கை, எது சந்தோஷம் என்று தினமும் காலையில் யாராவது வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிக்காமலே அழித்துவிடுவேன்.

போன சித்திரையில் என் பங்காளி ஒருவர் இறந்துபோனார். என் மனைவி பாகூரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் செய்தி வந்தது. அவள் போன் வீட்டில் சார்ஜரில் கிடந்தது.

மதியத்துக்கு முன்பே கரிக்கலாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிட்டது. பெயர் அவருடையது, முகம் என்னுடையது. ஏதோ கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்து நின்ற போட்டோவைக் கொடுத்திருக்கிறார்கள். பிளெக்ஸ் கடைக்காரர் அவரை விட்டுவிட்டு என்னை வெட்டி எடுத்துவிட்டார். மாலை வேறு போட்டிருந்தார்கள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்போது ஒருவர் பைக்கை நிறுத்திப் படத்தைக் கும்பிட்டார். கீழேயே நின்ற என் மேல் அவர் கண் பட்டது. பட்டும், அங்கே யாருமே இல்லாததுபோல் நகர்ந்துவிட்டது. அந்த வெயிலிலும் எனக்கு முதுகு சில்லிட்டது.

"மத்தியான பஸ்ல அவ வருவா. இத்த அவுத்துடுங்கபா" என்றேன், பேனர் கட்டியவரிடம்.

அவர் தயங்கினார். "சாவுக்குக் கட்டுனத கருமாதிக்குள்ள அவுக்கக் கூடாதுண்ணா. இன்னொரு சாவு உழும். வேற படம் அடிச்சி சாயங்காலம் மேல ஒட்டிடறோம்."

"பஸ்ல வர்றவ பேரையா படிப்பா?"

நானே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறி, முகத்தின் மேல் துண்டைக் கட்டினேன். காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. துண்டு விலகும்போதெல்லாம் படத்தில் இருந்த ஆள் சிரித்தான். என்னைவிட அவன் சந்தோஷமாக இருப்பதாகப் பட்டது.

நான் இறங்கவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் கண் பேனரில் இருந்தது.

இறங்கியவள் கிட்டே வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். பயத்தில் நானும் குனிந்து என் காலைப் பார்த்தேன். கொதிக்கிற தாரின் மேல் வெறுங்கால்.

"காலு சுடல?" என்றாள்.

அதுவரை தெரியவில்லை. அவள் கேட்ட பிறகுதான் சுரீரென்றது.

"சுடுதுடி."

பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "சுடட்டும். இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நில்லு" என்றாள்.

நின்றேன்.