பேட்டரியைப் பின்னால் வைத்தவர்

“அக்கா, நீ இந்தாண்ட வா. சார், நீங்க அந்தாண்ட குந்துங்க. பையைக் காலுக்கு நடுவுல வெச்சுக்கோம்மா, ஓரத்துல வேணாம்.” ஏறிய எட்டுப் பேரையும் ஒருமுறை எழுப்பி, இடம் மாற்றி உட்காரவைத்த பிறகுதான் தர்மன் அண்ணன் ஷேர் ஆட்டோவின் சாவியைத் திருப்புகிறார். காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போக இருபது நிமிடம் என்றால், ஆட்களை அடுக்கவே ஐந்து நிமிடம். யாராவது வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தால் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்வார்: “வெயிட்டு நடுவுல வந்தாதாம்மா வண்டி சொன்ன பேச்சு கேக்கும்.”

பழகியவர்கள் கோபப்படுவதில்லை. தினமும் வரும் பூக்காரம்மா, ஏறும்போதே “இன்னைக்கு நான் எந்தப் பக்கம்பா?” என்று கேட்டுவிடுகிறார். கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பத்தில் மாமியாரை இடப்பக்கமும் மருமகளை வலப்பக்கமும் பிரித்து உட்காரவைத்தார். ஐயம்பேட்டை வரும்வரை வண்டியும் ஆடவில்லை, வாய்களும் ஆடவில்லை.

இந்த வியாதி அவருக்கு இன்னொரு வண்டியிலிருந்து தொற்றியது. அது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், முள்ளு முள்ளாய் டயர், ரிமோட்டில் ஓடும் குட்டிப் பந்தயக் கார், பக்கி என்பார்கள். மொத்த எடை ஒன்றரைக் கிலோ. அதில் பேட்டரி மட்டுமே ஏறக்குறைய கால் கிலோ. ஐயம்பேட்டை தாண்டி, கைவிட்டுப்போன செங்கல் சூளை மைதானத்தில் ஞாயிறுதோறும் பந்தயம். மேடும் பள்ளமும் நாங்களே வெட்டியவை. பாதையின் ஓரத்துக்கு உடைந்த செங்கல் வரிசை. ஓட்டுபவர்கள் ஏறி நிற்க மூங்கில் மேடை ஒன்று.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனால் வேடிக்கை பார்க்கலாம். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, வண்டியின் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக, சரியாக நடுக்கோட்டில் இரண்டு பட்டு நூலைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார். பிறகு தரையில் குந்திக்கொண்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூச்சை அடக்கிப் பார்ப்பார். பக்கத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி தேவகி அக்கா, கை நிற்காமலே சொல்வார்: “ஊர்ல நூலு பொடவைக்கு எடுப்பாங்க. எங்க வூட்ல காரைத் தூக்குல போடறதுக்கு எடுக்கறாங்க.”

அண்ணன் காதில் அது விழாது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி வலப்பக்கம். ரிமோட் சொல்வதைக் கேட்கும் சின்ன டப்பா இடப்பக்கம். வலப்பெட்டி கொஞ்சம் கனம் என்பதால் இடப்பக்கம் நகக்கண் அளவு ஈயத் துண்டு. ஒயர் அரை விரல் அதிகமாக இருந்தாலும் வெட்டிவிடுவார், அதுவும் எடைதானே. ஒருமுறை நான் மென்று முடித்த பபிள்கம்மை வண்டியின் அடியில் வலப்பக்கமாக ஒட்டிவைத்தேன். தொங்கவிட்டார், பார்த்தார். “ரைட்ல எவனோ டிக்கெட் வாங்காம ஏறிக்கினுகிறான்” என்றார். தடவித் தடவி எடுத்தார், என்னை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பந்தயத்தின் நடுவில், அந்தப் பபிள்கம் என் ரிமோட்டின் கைப்பிடியில் இருந்தது.

இவ்வளவு பார்ப்பவர் பேட்டரியை மட்டும் தவறான இடத்தில் வைத்திருந்தார். பேட்டரி உட்காரும் குழி, பேட்டரியைவிட இரண்டு விரல் நீளம் அதிகம். மீதி இடத்தை ஒரு ரப்பர் துண்டு அடைக்கும். ரப்பரை முன்னால் போட்டால் பேட்டரி பின்னால் போய்விடும். பின்சக்கரம் மண்ணை இறுகப் பிடிக்கும், முன்சக்கரம் லேசாகிவிடும். ரிமோட்டின் விசையை வெடுக்கென்று அழுத்துகிறவனுக்கு அது சரி. தர்மன் அண்ணனுடையதோ எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகிற கை. பொறுமையாக அழுத்துவார். அவர் கைக்குப் பேட்டரி முன்னால் வர வேண்டும் என்று மைதானத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகூடச் சொல்லும். வளைவு வந்தால் அவர் வண்டி திரும்ப மனமில்லாமல் நேராக வழுக்கிப் போய், ஒரு சுற்று யோசித்துவிட்டுத்தான் வரும். நான்கு வருடமாக அவர் நான்காவது. வருடக் கடைசிப் பந்தயத்தில் முதல் மூன்று பேர்தான் கோயம்புத்தூர் போட்டிக்குப் போகலாம். நான்காவது ஆள் மேடையைப் பிரித்து மூங்கிலைச் சுமக்கலாம்.

மாற்றிவையுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: “பூவு வந்தா ஓட்டணும்ல? வண்டி அவன் கைக்கு இருக்கணும்பா.”

பூவு என்கிற பூவராகவன், தர்மன் அண்ணனோடு பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றியவர். அந்த நாட்களில் மைதானத்தில் மேடை கிடையாது, செங்கல் வரிசை கிடையாது. எனக்குப் பத்து வயது இருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரே பைக்கில் இருவரும் வருவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பூவு அண்ணனின் மடியில் ஒயர்கூடை, அதற்குள் துண்டு சுற்றிய பக்கி; பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதுபோல. ஓட்டுவது பூவு, மற்றதெல்லாம் தர்மன். பூவு அண்ணன் விசையை இழுத்தால் வண்டி பாம்பைக் கண்ட தவளையாக எகிறும், பின்பக்கம் சுழன்று கவிழும். தர்மன் அண்ணன் ஓடிப்போய்த் தூக்கி வைப்பார். ஓட்டமும் தூக்கலுமாகவே வெயில் ஏறிவிடும். பிறகு ஒரு பன்னீர் சோடாவை இருவரும் வாங்கி மாறி மாறிக் குடிப்பார்கள். எங்களுக்கும் கடைசி மடக்கு உண்டு. அதற்காகவே நாங்கள் கை தட்டுவோம்.

அந்த வருடம் முழுக்க, மாதத்துக்கு ஒரு நெல் அகலம் என்று தர்மன் அண்ணன் பேட்டரியைப் பின்னால் நகர்த்தினார். ஒரு ஞாயிறு வண்டி சுழலவே இல்லை. அந்த இடத்திலேயே பேட்டரி நிற்க வேண்டும் என்று பூவு அண்ணன் தன் இடது கால் ரப்பர் செருப்பைக் கழற்றி, பிளேடால் ஒரு துண்டு வெட்டி முன்னால் செருகினார். ஒரு கால் வெறுங்காலாக, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த மாதம் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பொங்கலுக்குப் போன் வரும். ஏப்ரலில் வருகிறேன் என்பார். எந்த ஏப்ரல் என்று தர்மன் அண்ணன் கேட்டதில்லை. சனிக்கிழமை தவறாமல் நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடக் கடைசிப் பந்தயத்தன்று பூவு அண்ணன் வந்தே விட்டார். சொல்லாமல், மனைவியின் ஊர்த் திருவிழாவுக்கு வந்த வழியில், பேண்ட் போட்டுக்கொண்டு. கொஞ்சம் தொப்பை. தர்மன் அண்ணன் ரிமோட்டைச் சட்டையில் துடைத்து நீட்டினார். “ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாரு. பந்தயமும் நீயே ஓட்டு.” அவருடைய கோயம்புத்தூரையும் சேர்த்துத்தான் கொடுத்தார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

பூவு அண்ணன் இரண்டு சுற்று ஓட்டினார். பழைய வெடுக் இல்லை. மகளைப் பைக்கில் முன்னால் வைத்து ஓட்டிப் பழகிய கை. வண்டி வளைவில் நேராக வழுக்கிச் செங்கல்லில் முட்டியது.

“இன்னாடா இது, மூஞ்சியே திரும்ப மாட்டேங்குது? பேட்டரியை எவன்டா இவ்ளோ பின்னாடி வெச்சது?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாண்டியன், நான்கு வருடமாக அண்ணனைத் தாண்டி மூன்றாவதாக வருகிறவன், அவன்கூடத் தன் வண்டியின் டயரைத் துடைக்கக் குனிந்துகொண்டான்.

“பழைய ஆளு ஒருத்தன் வெச்சது” என்றார் தர்மன் அண்ணன்.

மண்ணில் குந்தி மூடியைக் கழற்றினார். ரப்பர் துண்டு நான்கு வருடத்தில் குழியோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து, பேட்டரியை முன்னால் தள்ளி, துண்டைப் பின்னால் செருகினார். நூல் கட்டிப் பார்க்கவில்லை. எழுந்து ரிமோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “நீ போய் அந்த மூணாவது வளைவுல நில்லுடா. கவுந்தா தூக்கி வை.” பூவு அண்ணன் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு போனார். அவருக்கு அது பிடித்திருந்தது.

வண்டி அன்றுதான் பேச்சு கேட்டது. வளைவின் உட்புறத்தைக் கத்தரித்துக்கொண்டு திரும்பியது. நான்காவது சுற்றில் பாண்டியனைத் தாண்டியது. முடிவில் பாண்டியனைவிட ஒரு வண்டி நீளம் முன்னால், மூன்றாவதாக வந்தது. அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறார். ஆனால் எனக்கு மறக்காதது பாண்டியனைத் தாண்டுவதற்கு முன், இரண்டாவது சுற்றில் நடந்தது.

முன்சக்கரத்துக்கு இவ்வளவு பிடி இருந்து அவருக்குப் பழக்கமில்லை. மூன்றாவது வளைவில் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டார். வண்டி குப்புற விழுந்தது. பூவு அண்ணன் ஓடி வந்து நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் உடனே விலகவில்லை. முன்சக்கரத்தில் சுற்றிய காய்ந்த கொடியை உட்கார்ந்து பிடுங்கினார். பாண்டியனின் வண்டி அவர் முதுகில் மண்ணை வாரி இறைத்துவிட்டுக் கடந்து போனது. அழுத்துண்ணா, அழுத்துண்ணா என்று நாங்கள் கத்தினோம்.

மேடையின் மேல் தர்மன் அண்ணனின் விரல் விசையை விட்டு விலகி, நேராக நீட்டியபடி இருந்தது. பூவு அண்ணன் இரண்டு கால்களையும் செங்கல் வரிசைக்கு அப்பால் எடுத்துவைக்கும் வரைக்கும் அது மடங்கவில்லை.